முனியராஜின் இடது பக்கம்

சிவகாசி
24.8.2009

தம்பி ஜெயச்சந்திரனுக்கு,

பாண்டிச்செல்வி எழுதுகிறேன். முனியராஜின் அக்கா. எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பெங்களூர் போன பிறகு ஒரு வார்த்தை விசாரிக்காதவன் மறந்திருக்கலாம் அல்லவா, அதனால் சொன்னேன்.

இன்று எங்கள் பிரஸ்ஸில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் லேபிள் ஓடியது. கடைசி நேரத்து ஆர்டர். மிஷினிலிருந்து ஷீட் வந்து விழுந்தது. ஷீட் முழுக்க என் தம்பி முகம். அதற்கு எதிரே உன் முகம். நடுவில் கம்பிக் கூண்டு. 'கூண்டுப் புலி' சரவெடியாம். மிஷின்காரர் சிரிக்கிறார். "ஒன் தம்பி பெரிய ஆளாயிட்டான் தாயி. சனிக்கிழமையானா டீக்கடையில பூராப் பயலும் இந்தச் சண்டையத்தான் போடச் சொல்றாங்ய. கிரிக்கெட்டக் கூட மாத்திர்றாங்ய" என்கிறார்.

நவம்பரில் அவன் மோதப்போவது உன்னோடுதான் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் 'யாரோ பெங்களூர்ப் பய' என்று சொல்லிவைத்திருக்கிறான்.

உன்னிடம் ஒன்று சொல்லப்போகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் மதுரையில் பார்த்த டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. முனியராஜுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. மங்கல்கூட இல்லை, சுத்தமாக இல்லை. வேலை பார்த்த பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து வெடித்து அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். காயம் ஆறிவிட்டது என்று ஊருக்குச் சொன்னோம். வெளியே ஆறியது. உள்ளே நரம்பு செத்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் சண்டையை நடத்துகிறவர்கள் வைக்கிற சோதனையில் வலது கண்ணை மூடச் சொன்னால் விரல் இடுக்கு வழியாகப் பார்த்துப் படித்துவிடுகிறான். அதை என்னிடம் பெருமையாக வேறு சொல்கிறான்.

மிச்சமிருக்கிற கண்ணில் ஒரு நல்ல அடி பட்டால் அவன் கதி என்ன? டாக்டர் அன்றைக்கே சொன்னார், அந்தக் கண்ணைப் பொத்திப் பொத்திக் காப்பாற்ற வேண்டுமென்று. அவன் அதை உங்கள் கூண்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறான்.

நீ விலகிக்கொள். காய்ச்சல் என்று சொல், கால் சுளுக்கு என்று சொல். பதிலை வீட்டுக்கு எழுதாதே. போன் அவன் கையில்தான் இருக்கிறது, அதனால் பேசவும் வேண்டாம். உறையின் பின்னால் இருக்கிற பிரஸ் விலாசத்துக்கு எழுது.

பாண்டிச்செல்வி


பெங்களூர்
2.9.2009

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தப் பயிற்சி முகாமில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் நீங்கள் அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது அக்கா.

முனியராஜ் சாப்பிடுவது, எழுதுவது, கல்லெறிவது எல்லாம் வலது கையால். அப்படிப்பட்டவன் இடது காலை முன்னால் வைத்துத்தான் சண்டைக்கு நிற்க வேண்டும். அவன் வலது காலை முன்னால் வைப்பான். முகத்தை இடது பக்கம் லேசாகத் திருப்பியே வைத்திருப்பான். விருதுநகரில் நாங்கள் சேர்ந்து பயிற்சி எடுத்த நாளெல்லாம் அதை அவனுடைய ஸ்டைல் என்றுதான் நினைத்தேன். நானும் கொஞ்ச நாள் அப்படி நின்று பார்த்தேன். இப்போது புரிகிறது. எங்கே நின்றாலும் அந்தக் கண்ணுக்குப் பின்னால் இருப்பதை மறைத்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

என் பலம் வலது கை. அது போய் விழுகிற இடம் எதிரே நிற்பவனின் இடது தாடை. வருகிற அடியைக் கண் பார்த்துவிட்டால் உடம்பு தன்னை இறுக்கிக்கொள்ளும், தாங்கிவிடும். பார்க்காத அடிதான் ஆளைச் சாய்க்கும். இனி நான் கண்ணை மூடினால் எனக்கு அவனுடைய அந்தப் பக்கம்தான் தெரிகிறது. தெரிந்துகொண்டதை எப்படித் தெரியாததாக ஆக்குவது?

நான் விலகினால் சண்டை நிற்காது. என் இடத்துக்குப் பூனாவில் ஒருவன் காத்திருக்கிறான். இதற்கு முன்னால் மோதியவனின் தாடையை உடைத்தவன். டிவிக்காரர்கள் நாள் குறித்துவிட்டார்கள், அரங்கத்துக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ரோட்டில் போனால் காலேஜ் பையன்கள் என்னோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள் அக்கா. போன வருஷம் இதை என்னவென்று விளக்கிச் சொன்னாலும் ஒருவருக்கும் புரியாது. குத்துச்சண்டையா, மல்யுத்தமா, கராத்தேயா என்று கேட்பார்கள். எல்லாம் சேர்ந்தது என்றால் சிரிப்பார்கள். இப்போது ஆளுக்கொரு கூண்டுச் சண்டைக்காரன் பெயரை வைத்துக்கொண்டு அலைகிறார்கள். இந்த நேரத்தில் முனியராஜ் தானாக நிற்க மாட்டான்.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். சண்டை நடத்துகிற நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

ஜெயச்சந்திரன்


சிவகாசி
14.9.2009

தம்பிக்கு,

ஒரு வரி எழுதிப் போட்டால் போதும் என்கிறாய். உனக்கு எழுதுவது சுலபம்.

அந்த விபத்துக்குப் பிறகு அவன் எப்படி இருந்தான் என்று நீ பார்க்கவில்லை. நீ அப்போது மதுரையில் காலேஜில் இருந்தாய். தெருவில் போகிற வருகிற பொம்பளைகள் எல்லாம் 'ஐயோ பாவம்' என்று அவன் தாடையைப் பிடித்துக் கொஞ்சுவார்கள். பதினெட்டு வயசுப் பயல். ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ஆனைக்குட்டம் அணையில் ஆடு மேய்க்கிறவர்கள் அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் அம்மாவும் ஆட்டோவில் போய்த் தூக்கிவந்தோம். வழிநெடுக அவன் பேசவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் பேசவில்லை.

அப்புறம் நீ வந்தாய். மதுரையிலிருந்து ஏதோ வெளிநாட்டுச் சண்டை சிடி கொண்டுவந்து எங்கள் வீட்டு டிவியில் போட்டாய். அவன் எழுந்து உட்கார்ந்து பார்த்தான். மறுநாள் உன்னோடு பயிற்சிக்கு வந்தான். அன்றைக்கு உன்னை நான் மனசுக்குள் கும்பிட்டேன். இன்றைக்குத் திட்டுகிறேன். இரண்டும் உண்மைதான்.

நான் எழுதிப் போட்டு அவனை அங்கிருந்து துரத்தினால் அவன் மறுபடி எங்கே போவான்? உனக்கு விருதுநகரில் உங்கள் அப்பாவின் பருப்பு மில் இருக்கிறது. நீ சண்டைக்குப் போன கோபத்தில் இன்றைக்குப் பேசாமல் இருந்தாலும் நாளைக்குக் கல்லாவில் உட்கார வைப்பார். என் தம்பிக்கு இந்தக் கூண்டை விட்டால் பட்டாசு ஆபீஸின் மருந்து அறைதான்.

அதனால்தான் உன்னைக் கேட்டேன். உன்னால் முடியாது என்றால் முடியாது என்று எழுது. புத்தி சொல்லாதே.

பாண்டிச்செல்வி


பெங்களூர்
27.9.2009

அன்புள்ள அக்காவுக்கு,

ஆனைக்குட்டம் விஷயம் எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் சொன்னதே இல்லை. இத்தனை வருஷம் ஒருவனோடு மல்லுக்கட்டிப் புரண்டு எழுந்திருக்கிறேன், அவனைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. எங்கள் மாஸ்டர் மணிப்பூர்க்காரர். அதிகம் பேச மாட்டார், பார்ப்பார். முனியராஜ் சென்னையில் ஜெயித்த சண்டையின் வீடியோவை நேற்று எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பாதியில் நிறுத்தி, திரும்ப ஓட்டி, மறுபடி நிறுத்தினார். "இவன் ஏன் தலையை இப்படி வைக்கிறான்?" என்று கேட்டார். பழக்கம் என்றேன். "உனக்கு இவனைத் தெரியும் அல்லவா?" என்றார். தெரியும், பழக்கம்தான் என்று மறுபடி சொன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிவியை அணைத்துவிட்டார்.

புத்தி சொல்லவில்லை அக்கா. பயத்தில் எழுதுகிறேன். முனியராஜின் மேல் இருக்கிற பயம் இல்லை, என் கைமேல் இருக்கிற பயம். கூண்டுக்குள் யோசிக்க நேரம் இருக்காது. பழக்கிய கை தானாகப் போகும். மனசு பின்னால்தான் வந்து சேரும்.

அவனிடம் நீங்களே ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள். நிர்வாகத்துக்கு வேண்டாம். அவனிடம் மட்டும்.

ஜெயச்சந்திரன்


சிவகாசி
21.10.2009

தம்பிக்கு,

தீபாவளி முடியட்டும் என்று இருந்தேன். இந்தச் சீசனில் வீட்டில் நின்று பேச யாருக்கும் நேரமில்லை. கூண்டுப் புலி நன்றாக விற்றதாம். தீபாவளியன்று எங்கள் தெருவில் பையன்கள் அந்தச் சரத்தை வெடித்துவிட்டு, காலிப் பெட்டியில் இருந்த அவன் படத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். அவன் வாசலில் நின்று கையசைக்கிறான்.

நேற்றுப் பேசினேன். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். "ஏலே, இந்தச் சண்டையோட விட்ருலே" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினான். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "யக்கா, அங்கன உள்ள போனதும் ஒருத்தனும் என்னயப் பாவம்னு பாக்க மாட்டான். என்னய அடிக்கணும்னுதான் பாப்பான். அது எனக்கு எம்புட்டு நிம்மதின்னு ஒனக்குப் புரியாது" என்றான்.

உனக்கு எழுதியதைச் சொல்ல வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் ஜெயித்துவிட்டால் அடுத்து உன்னைவிடப் பெரியவனோடு மோத விடுவார்கள். அதனால் நீ அவனைத் தோற்கடி. ஆனால் அந்தப் பக்கம் கை வைக்காதே. ஒரு அக்கா கேட்கிற காரியமா இது என்று நினைத்துக்கொள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பாண்டிச்செல்வி


பெங்களூர்
12.11.2009

அன்புள்ள அக்காவுக்கு,

மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார். "அந்தப் பக்கம் அவனுக்கு இருட்டு" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. எதிராளியின் முட்டி வலித்தால் முட்டியில் உதைப்பது போலத்தான்.

அதிலிருந்து தினமும் அதே பயிற்சிதான். ஒரு பையனின் இடது கண்ணில் துணி கட்டி என் முன்னால் நிறுத்துகிறார். வலது கை, வலது கால், வலது கை, வலது கால். அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் பொத்தென்று உட்காருகிறான். கையுறை தடிமனாக இருப்பதால் காயமில்லை. கூண்டில் அப்படி இல்லை, விரல் வெளியே தெரிகிற மெல்லிய கையுறைதான்.

நான் மறுக்கவில்லை அக்கா. அடித்தேன். கை நன்றாகப் பழகிவிட்டது.

ஆனால் வேறொன்று யோசித்து வைத்திருக்கிறேன். மணி அடித்ததும் அவன் இடுப்பைப் பிடித்துத் தரையில் தள்ளிவிடுவேன். தரையில் கண் வேண்டியதில்லை. கட்டிப் புரளும்போது தொட்டுத் தொட்டுத்தான் எல்லாம் தெரியும். அங்கே அவனும் நானும் சமம். உண்மையில் அங்கே அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். கழுத்தையோ கையையோ பிடித்து அவனைத் தோற்கடிக்க முடியுமா என்று பார்க்கிறேன். முடியாவிட்டால் நான் தோற்பேன்.

அவன் என்னைத் தரையிலிருந்து உதறிவிட்டு எழுந்துவிட்டால் என்ன செய்வேனென்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் சத்தியம் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ஜெயச்சந்திரன்


சிவகாசி
20.11.2009

தம்பிக்கு,

அம்மா தாங்க மாட்டாள் என்று சண்டை பார்க்க நாங்கள் பெங்களூர் வரவில்லை. அவன் நேற்றே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அம்மா காலில் விழுந்து கும்பிட்டுப் போனான். போகும்போது, "சண்டைக்குப் பெறகு ஜெயச்சந்திரனயும் வீட்டுக்குக் கூட்டியாறேன், கறி எடுத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போனான். எதிரே நிற்பது நீதான் என்று வீட்டில் அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

சத்தியம் கேட்கவில்லை.

பாண்டிச்செல்வி


பெங்களூர்
2.12.2009

அன்புள்ள அக்காவுக்கு,

டிவியில் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். கூண்டுக்குள் பேசியது வெளியே கேட்டிருக்காது. அதை உங்களிடம் மட்டும் எழுதுகிறேன்.

முதல் ரவுண்டு நான் நினைத்தபடிதான் போனது. தள்ளினேன், விழுந்தான், புரண்டோம். இரண்டு தடவை என் கழுத்தைப் பிடித்துவிட்டான், எப்படியோ வழுக்கி வெளியே வந்தேன். அவனுக்குச் சந்தோஷம். காதோரம் வந்து, "என்னலே, அடிக்கவே மாட்டேங்கே? கைய விருதுநகர்ல மறந்து வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேலி செய்தான்.

இரண்டாவது ரவுண்டில் அவன் என்னை உதறிவிட்டு எழுந்துவிட்டான். நின்றபடி வந்தான். பின்னாலிருந்து மாஸ்டர், "வலது! வலது!" என்று கத்துகிறார். முனியராஜ் ஒரு குத்து விட்டுக் கையை இழுக்கிறான், அவன் இடது தாடை அப்படியே திறந்து கிடக்கிறது. என் கை கிளம்பிவிட்டது அக்கா. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது. அவன் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எப்படி நிறுத்தினேன் என்று இப்போதும் தெரியவில்லை. தோள்பட்டை பிய்ந்துபோனது போல வலித்தது.

அவனுக்குக் கை தெரியவில்லை. காற்று பட்டிருக்க வேண்டும். மெதுவாக முகத்தைத் திருப்பிப் பார்த்தான். தன் முகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற என் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"யக்கா சொன்னாளாலே?" என்றான்.

நான் கையைக் கீழே இறக்கினேன்.

"அடிலே." மறுபடி முகத்தை நேராக்கி, அந்த இடது பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றான். "அடிச்சுத் தொலை. நீயுமாலே என்னயப் பாவம் பாக்கே?"

என்னால் முடியவில்லை. ரெஃப்ரி பக்கம் திரும்பினேன். இவனுக்கு இடது கண் தெரியாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். மறுபடி சொல்லும்போதுதான் முனியராஜ் அடித்தான். மூக்கு உடைந்தது. கீழே விழுந்த பிறகும் ரெஃப்ரி இழுத்துப் பிடிக்கும்வரை அடித்தான். கூட்டம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது. அவன் பெயரைத்தான் கத்தியது.

நான் எழுந்து கூண்டுக்கு வெளியே நின்ற டாக்டரிடம் மறுபடி சொன்னேன். அவர் அங்கேயே டார்ச் அடித்துப் பார்த்தார், விரலைக் காட்டிக் கேட்டார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சண்டை செல்லாது என்றார்கள். இனி அவன் எந்தக் கூண்டிலும் ஏற முடியாது.

இறங்கிப் போகும்போது என் பக்கம் துப்பிவிட்டுப் போனான். மாஸ்டர் என் பையை முகாம் வாசலில் வைத்துவிட்டார். எனக்கு அதொன்றும் இல்லை. அவன் வீடு வந்து சேர்ந்தானா? அதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். அவன் எங்கேயும் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

ஜெயச்சந்திரன்


சிவகாசி
18.12.2009

தம்பி ஜெயச்சந்திரனுக்கு,

வந்து சேர்ந்தான். உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். அவனை விட்டு நகர எனக்குத் தைரியமில்லை. பிரஸ்ஸில் காலண்டர் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. முதலாளி திட்டினாலும் பரவாயில்லை என்று லீவு போட்டேன்.

வந்த அன்றைக்கு, "நீதான சொன்ன?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடிப்பான் என்று நினைத்தேன். பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அம்மா வைத்த சோற்றைத் தொடவில்லை. பசித்தால் கடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். தெருவில் பையன்கள் முன்போல அவனைச் சூழ்ந்துகொள்ளவில்லை, ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கே தாங்கவில்லை.

அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். முடிவெட்டப் போனாலும் கடை வாசலில் நின்றேன். ஒருநாள் திரும்பி நின்று, "எதுக்குக்கா நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வர்ற? செத்துற மாட்டேன், போ" என்றான். நான் போகவில்லை. அவனும் அதற்குப் பிறகு விரட்டவில்லை.

நேற்று சூலக்கரைக்குக் கிளம்பினான். கலெக்டர் ஆபீஸ். எதற்கென்று கேட்டதற்கு, "கண்ணு தெரியாதுன்னு சர்டிபிகேட்டு வாங்கணும்" என்றான். விபத்து நடந்த வருஷம் அம்மா அதற்காகக் கெஞ்சியபோது, எழுதிக் கொண்டுவந்த மனுவைக் கிழித்து எறிந்தவன் அவன். நானும் பஸ் ஏறினேன்.

விருதுநகரில் இறங்கி ரோட்டைத் தாண்ட நின்றோம். எப்போதும் போல நான் அவனுக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் வருகிற வண்டியை அவனுக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொள்வது வழக்கம். இத்தனை வருஷமாக அவனுக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி நடப்பான். நேற்று என் கையைப் பிடித்தான்.

"யக்கா, வண்டி வந்தாச் சொல்லு. எனக்கு இந்தப் பக்கம் தெரியாது" என்றான்.

நடுத்தெருவில் சத்தமாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள். அவன் கூச்சப்படவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. வருகிற லாரி எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உன் பேச்சை எடுத்தான். "அவன் மூக்கு?" என்றான். உடைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறான் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவன் கையி அங்கனதான் நின்னுச்சு. அவன் நெனச்சிருந்தா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்" என்றான். பிறகு, "அதுக்குத்தான் அம்புட்டு அடிச்சேன்" என்றான். உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன். உன் கடிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

உன் அப்பா மில்லுக்குத் திரும்பிவிட்டாய் என்று இங்கே பேச்சு. உண்மையானால் சந்தோஷம். இந்தக் கடிதத்தை மில் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

உடனே வந்துவிடாதே. பொங்கல் கழியட்டும். வந்தால் சட்டையைப் பிடித்தாலும் பிடிப்பான், அடித்தாலும் அடிப்பான். நீ திருப்பி அடித்தால் நான் தடுக்க மாட்டேன். கறி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் செய். வாசலில் நுழையும்போது அவன் உட்கார்ந்திருந்தால் சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்து நில். முதலில் உன்னை அவன் நன்றாகப் பார்க்கட்டும்.

பாண்டிச்செல்வி